நண்டு இருந்தால்

ஸ்கேன் எடுத்த பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள்.
இடது சிறுநீரகத்தில்
நாலு மில்லிமீட்டர் கல்.
கொலுசுக்கு முத்து பற்றவைப்பவன் நான்,
நாலு மில்லிமீட்டர் எவ்வளவென்று
எனக்கு யாரும் காட்ட வேண்டியதில்லை.

"தண்ணி நிறையக் குடிங்க" என்றார் டாக்டர்.
எந்தத் தண்ணி என்று சொல்லவில்லை.

சிவதாபுரத்தில் எங்கள் போர் தண்ணீர்
பாத்திரத்துக்கு உள்ளே சுண்ணாம்பு அடிக்கும்.
கேன் தண்ணீருக்கோ
மூடியின் ருசி.

அதனால் ஞாயிறு விடியலில்
எக்ஸெல் வண்டியில் கேனைக் கட்டி
அடிவாரம் சோதனைச்சாவடி தாண்டி ஏறுவேன்.
பதினெட்டாம் வளைவில்
பாறையிடுக்கில் யாரோ செருகிய மூங்கில்.
எனக்கு முன்பே வரிசை நிற்கும்:
அஸ்தம்பட்டிக் கார்கள், கன்னங்குறிச்சி ஆட்டோ.
"லேசா ஒரு வாசனை வருதில்ல,
அதான் சார் மூலிகை" என்று
எப்போதும் ஒருவர் சொல்வார்.
எப்போதும் ஒருவர் தலையாட்டுவார்.
பெரும்பாலும் அது நான்.

இரண்டு வருடம் இப்படி.
சித்திரையில் ஒரு நாள்
மூங்கிலின் வாய் காய்ந்திருந்தது.
கார்கள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பின.
நான் கேனைத் தோளில் போட்டுப்
பாறையைப் பிடித்து மேலே ஏறினேன்.
ஊற்றின் வேரைப் பார்த்துவிடும் வீம்பு.

உண்ணிச்செடி கையைக் கீறியது.
சருகுக்குள் சாரைப்பாம்பாக
ஒரு கருப்பு ஹோஸ்.
அதன் போக்கிலேயே போனால்
காபித் தோட்டத்து மூலையில் ஊராட்சித் தொட்டி.
குந்தி உட்கார்ந்து வால்வைத் திருகிக்கொண்டிருந்தாள்
டேங்க் ஆபரேட்டர் சின்னப்பாப்பா.

"கீழ ஊத்து நின்னுபோச்சுங்களே."
"எந்த ஊத்து?"
சொன்னேன்.
சிரித்தாள். சிரித்து முடிக்க நேரமானது.
"அது தொட்டி ஒழுகுன தண்ணிங்க.
மனு மேல மனு குடுத்து
நேத்துதான் சிமெண்ட் வந்துச்சு, அடச்சேன்."

இரண்டு வருடமாக
என் மூலிகை
ஒரு விரிசலும்
கொஞ்சம் பிளீச்சிங் பவுடரும்.

முகத்தைப் பார்த்திருப்பாள் போல.
"நெசமான ஊத்து வேணும்னா
அந்தப் பலாவுக்குக் கீழ போங்க.
நண்டு இருந்தா குடிங்க.
இல்லன்னா வந்து குழாயிலயே புடிச்சுக்கங்க."

எந்தப் பலா என்று கேட்காமல் போய்விட்டேன்.
முதல் பலாவின் கீழ்
பன்றி கிண்டிய சேறு.
இரண்டாவதின் கீழ்
பாறை உதடு பிளந்த இடத்தில்
ஈரம் முதலில் ஒரு நிறமாக இருந்தது,
பிறகு ஒரு சத்தமாக,
முழங்காலிட்டுக் குனிந்த பிறகுதான்
தண்ணீராக.

உள்ளங்கை அகலக் குழி.
ஓரத்தில் அரக்கு நிறத்தில் ஒரு நண்டு,
ஒரு கொடுக்கு பெரிது, ஒன்று சிறிது,
யாரது என்று பார்த்தது.

இருபது லிட்டர் கேனை
அந்தக் குழிக்குக் காட்டக் கூச்சமாக இருந்தது.
பின்னால் மறைத்து வைத்தேன்.
பையிலிருந்த பாட்டிலின் மூடியால் மொண்டு மொண்டு
அரை லிட்டர் நிறையப்
பதினொரு நிமிடம்.
பட்டறையில் அதற்குள்
ஒரு ஜோடிக் கொலுசுக்கு முத்து வைத்திருப்பேன்.
குழி மறுபடி நிறைய நான் காத்திருந்தேன்.
நான் போக
நண்டு காத்திருந்தது.

குளிர் கடைவாய்ப் பல்லில் ஏறியது.
இரும்பு கொஞ்சம், பாசி கொஞ்சம்,
மற்றபடி ருசியே இல்லை.
ருசியில்லாமல் இருக்க ஒரு தண்ணீருக்கு
எவ்வளவு பாறை வேண்டியிருக்கிறது.

"நண்டு இருந்துச்சா?"
"இருந்துச்சு."
"அப்பச் சரி" என்று
கேனைக் குழாயடியில் வைத்துவிட்டுப்
பதிவேட்டில் நேரம் எழுதினாள்.

இறங்கி வந்தேன்.
தோளில் குளோரின், பையில் அரை லிட்டர்,
கல் அதே இடத்தில்.
பதினெட்டாம் வளைவில்
மூங்கிலுக்குக் கீழே குடத்தைப் பிடித்தபடி ஒருவர்
நின்றுகொண்டிருந்தார்.
"எப்ப சார் வரும்?"
"வராதுங்க. ஓட்டைய அடச்சுட்டாங்க."
நிமிர்ந்து உச்சிவரை பார்த்தார்.
"மலையையா?" என்றார்.